ஒரு குழி செத்த பலகையில் 8191

கல்லிடைக்குறிச்சி வீட்டு மச்சில் கிடந்த பல்லாங்குழிப் பலகையை இந்த முழுப்பரீட்சை லீவில் கீழே இறக்கினேன். ஆச்சி கல்யாணமாகி வந்தபோது கூடவே கொண்டுவந்த பலகை. பக்கத்துக்கு ஏழாக 14 குழி, நடுவில் கீல். மடக்கினால் ஒரு வரிசை இன்னொரு வரிசையின் மேல் கவிழ்ந்து உட்காரும். அக்கா மகள் ஒன்பதாம் வகுப்பு முடித்துவிட்டு வந்திருந்தாள். அவளுக்காக இதைச் சரிசெய்து கொடுக்கலாம் என்றுதான் ஆரம்பித்தேன்.

துடைத்துப் பார்த்தால் மேல் வரிசையின் இடது ஓரக் குழியைக் கரையான் அரித்திருந்தது. விரலால் அழுத்தினால் பொடிப்பொடியாக உதிர்ந்தது. அரித்த பகுதியைச் சுரண்டி எடுத்து, மண்ணெண்ணெய் தடவி, இரண்டு நாள் வெயிலில் போட்டேன். குழியின் சுவரே போய்விட்டதால் அதை மறுபடி குழியாக்க வழியில்லை. மரத்தூளையும் ஃபெவிகாலையும் பிசைந்து விளிம்பு வரைக்கும் நிரப்பி, காய்ந்த பிறகு உப்புத்தாள் போட்டுத் தேய்த்துச் சமமாக்கினேன். கீலின் பழைய ஆணிகளைப் பிடுங்கிவிட்டுத் திருகாணி போட்டேன். பலகை இனி நிற்கும், ஆனால் குழி 13 தான்.

"ஒரு குழி போச்சே மாமா, இனி ஆட முடியாதுல்லா?" என்றாள்.

ஆட முடியாது. ஆனால் 13 என்றதும் வேறொன்று நினைவுக்கு வந்தது. 2-ஐ 13 தடவை பெருக்கினால் 8192. அதில் ஒன்று குறைத்தால் 8191. அது பகா எண். இப்படி 2-இன் அடுக்கில் ஒன்று குறைவாக வரும் பகா எண்களுக்கு மெர்சென் பகா எண்கள் என்று பெயர். இன்றுவரை மனிதருக்குத் தெரிந்த பகா எண்களில் ஆகப் பெரியதும் இந்தச் சாதிதான்: 2-இன் 136279841-ஆம் அடுக்கில் ஒன்று குறைவு. 2024 அக்டோபரில் கண்டுபிடித்தார்கள். எழுதினால் 4,10,24,320 இலக்கம். அவ்வளவு பெரிய எண்ணைப் பகா எண் என்று நிச்சயமாகச் சொல்ல ஒரு சோதனை இருக்கிறது. வகுத்தலே இல்லாத சோதனை. அதே சோதனையை இந்தப் பலகையில் புளியமுத்தை வைத்துச் செய்துவிடலாம் என்று தோன்றியது. செய்தோம். அதைத்தான் எழுதுகிறேன், வீட்டில் பலகையும் முத்தும் இருப்பவர்கள் அப்படியே செய்து பார்க்கலாம்.

சோதனை இதுதான். 4-இல் தொடங்கு. வர்க்கம் எடு, 2-ஐக் கழி, 8191-ஆல் வகுத்த மீதியை மட்டும் வைத்துக்கொள். மறுபடி வர்க்கம், மறுபடி 2 கழி, மறுபடி மீதி. இதை 11 தடவை (13-இல் இரண்டு குறைவு) செய்த பின் மீதி பூஜ்யம் வந்தால் 8191 பகா எண். வராவிட்டால் பகு எண். பிரான்சின் எடுவார் லூக்கா 1870-களில் இதன் அடிப்படையைக் கண்டார். அமெரிக்கரான லேமர் 1930-ல் இன்றைய வடிவத்துக்குக் கொண்டுவந்தார். இருமத்தில் (0, 1 என்ற இரண்டே இலக்கத்தில் எண் எழுதும் முறையில்) சதுரங்கப் பலகை மாதிரி கட்டம் போட்டுக் காய் வைத்தே பெருக்கலாம் என்று லூக்காவே எழுதியிருக்கிறார். ஆகவே பலகையில் செய்வது என் கற்பனை அல்ல. பல்லாங்குழிக்கு மாற்றியது மட்டும்தான் எங்கள் வேலை.

குழிகளுக்கு 0 முதல் 12 வரை எண் கொடுத்தோம். கீழ் வரிசை இடமிருந்து வலமாக 0 முதல் 6. மேல் வரிசை வலமிருந்து இடமாக 7 முதல் 12. 12-க்கு அடுத்தது அடைத்த குழி. அதைத் தாண்டினால் மறுபடி 0. துண்டுத்தாளில் மதிப்பு எழுதி ஒவ்வொரு குழிக்கும் பக்கத்தில் ஒட்டினாள்: 1, 2, 4, 8 என்று இரட்டித்துக்கொண்டே போய் 4096 வரை. ஒரு குழியில் ஒரு முத்து இருந்தால் அந்த மதிப்பு. ஒரு குழியில் இரண்டு முத்து சேர்ந்தால் ஒன்றை டப்பாவில் போட்டுவிட்டு மற்றதை அடுத்த குழிக்கு நகர்த்தலாம், மதிப்பு மாறாது.

12-ஆம் குழியில் இரண்டு சேர்ந்தால் என்ன செய்வது என்பதில்தான் எல்லாமே இருக்கிறது. அது 8192. 8191-ஆல் வகுத்தால் மீதி 1. அதாவது 0-ஆம் குழியில் ஒரு முத்து. பல்லாங்குழியில் கை சுற்றி வருகிற மாதிரியே, மேலே தீர்ந்த முத்து கீழே முதல் குழியில் வந்து விழுகிறது. வகுத்தல் என்று தனியாக ஒன்றும் செய்ய வேண்டியதில்லை, சுற்றி வந்தால் போதும். இதை நான் புத்தகத்தில் எத்தனையோ தடவை வாசித்திருக்கிறேன். முத்து அடைத்த குழியைத் தாண்டி 0-இல் விழுவதைக் கண்ணால் பார்த்தபோதுதான் அது எனக்கு முழுசாக ஏறியது.

வர்க்கம் எடுப்பதும் சுலபம். முத்து இருக்கும் குழிகளை ஒரு தாளில் எழுதிக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு குழி எண்ணையும் ஒவ்வொன்றோடும் கூட்டி, அந்தக் கூட்டுத்தொகைக் குழியில் ஒரு முத்து. 12-ஐத் தாண்டினால் 13-ஐக் கழித்துக்கொள்ளலாம். மூன்றாவது சுற்றை அப்படியே தருகிறேன். அப்போது கையில் இருந்தது 194. முத்துகள் 1, 6, 7-ஆம் குழிகளில் (2 + 64 + 128). 1-உம் 1-உம் சேர்ந்து 2-ஆம் குழியில் ஒன்று. 1-உம் 6-உம், 6-உம் 1-உம்: 7-ஆம் குழியில் இரண்டு. அதே மாதிரி 1-உம் 7-உம்: 8-ஆம் குழியில் இரண்டு. 6-உம் 6-உம்: 12-ஆம் குழியில் ஒன்று. 6-உம் 7-உம் 13, அதாவது 0-ஆம் குழியில் இரண்டு. 7-உம் 7-உம் 14, அதாவது 1-ஆம் குழியில் ஒன்று. மொத்தம் ஒன்பது முத்து. இனி 2-ஐக் கழிக்க வேண்டும். 1-ஆம் குழியில் இருக்கும் ஒற்றை முத்தை எடுத்துவிட்டோம். பிறகு ஜோடி சேர்ப்பது. 0-இல் இருந்த இரண்டு, 1-இல் ஒன்றானது. 7-இல் இருந்த இரண்டு, 8-க்கு ஒன்றாகப் போனது. அங்கே ஏற்கெனவே இரண்டு இருந்ததால் மூன்று. ஒன்று நிற்க, ஜோடி 9-க்கு ஒன்றாகப் போனது. முடிவில் முத்து இருந்தவை 1, 2, 8, 9, 12. கூட்டினால் 2 + 4 + 256 + 512 + 4096 = 4870. கால்குலேட்டரில் 194-இன் வர்க்கத்திலிருந்து 2 கழித்தால் 37,634. அதை 8191-ஆல் வகுத்தால் மீதி 4870. இரண்டும் ஒன்றாக வந்ததும் அவள் பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்த பார்வை இன்னும் கண்ணில் நிற்கிறது.

முதலில் கை பழகுவதற்குக் கீழ் வரிசையின் ஏழு குழியை மட்டும் வைத்து 127-ஐப் பார்த்தோம். ஐந்தே சுற்று: 4, 14, 67, 42, 111, பிறகு பூஜ்யம். கடைசிக்கு முந்தைய 111-இல் 4-ஆம் குழி மட்டும் காலியாக, மற்ற ஆறிலும் ஒவ்வொரு முத்து இருந்தது. அதை அப்போது பெரிதாக நினைக்கவில்லை. பின்னால் அது உதவியது.

13 குழிக்கு முதல் தடவை 11 சுற்றும் முடித்தபோது பூஜ்யம் வரவில்லை. 8191 பகா எண் என்பதில் சந்தேகமில்லை, ஆகவே தப்பு எங்கள் கையில். எழுதி வைத்த ஒவ்வொரு சுற்றையும் கால்குலேட்டரோடு ஒத்துப் பார்த்தோம். ஏழாம் சுற்று முடிவில் 36 வந்தது வரை சரி. 36 என்றால் 2-ஆம் குழியிலும் 5-ஆம் குழியிலும் முத்து. வர்க்கம் 1296, முத்துகள் 4, 8, 10-ஆம் குழிகளில். 2-ஐக் கழிக்கப் போனால் 1-ஆம் குழி காலி. 4-ஆம் குழி முத்தை உடைத்து 3-இல் இரண்டு, அதில் ஒன்றை உடைத்து 2-இல் இரண்டு, அதிலும் ஒன்றை உடைத்து 1-இல் இரண்டு என்று இறங்கி வர வேண்டும். இறங்கும்போது 3-ஆம் குழியில் நிற்க வேண்டிய முத்தும் சேர்ந்து போய்விட்டது. 1294 வர வேண்டிய இடத்தில் 1286. அதற்கப்புறம் எல்லாமே கெட்டுப்போயிற்று.

கடன் வாங்குவதுதான் தொந்தரவு என்றால் கடனே வாங்காமல் இருக்க ஒரு வழி இருக்கிறது. 2-ஐக் கழிப்பதற்குப் பதிலாக 8191 − 2-ஐக் கூட்டினாலும் மீதி ஒன்றுதான். 8191 என்பது 13 குழியிலும் ஒவ்வொரு முத்து. அதில் 2 குறைந்தால், 1-ஆம் குழியைத் தவிர மற்ற 12 குழியிலும் ஒவ்வொரு முத்து. ஆகவே ஒவ்வொரு சுற்றிலும் 1-ஆம் குழியை விட்டுவிட்டு எல்லாக் குழியிலும் ஒவ்வொன்று போட்டுவிட்டு, பிறகு ஜோடி சேர்க்கலாம். உடைப்பது என்ற வேலையே கிடையாது, சேர்ப்பது மட்டும்தான். 1296-க்கு இதைச் செய்தபோது 4-ஆம் குழியில் தொடங்கிய ஜோடி 5, 6, 7 என்று ஒவ்வொரு குழியாகத் தட்டிக்கொண்டே 12 வரை போய், அடைத்த குழியைத் தாண்டி 0-இல் விழுந்து, அங்கிருந்து 1-இல் போய் நின்றது. பலகை முழுக்க ஒரு சுற்று. பார்க்க அவ்வளவு அழகு.

இன்னொரு காவலும் கிடைத்தது. வரிசையில் 8 முத்து இருந்தால் வர்க்கத்துக்கு 8×8 = 64 முத்து போட வேண்டும், கழித்தலுக்கு 12; ஆக 76. சுற்று தொடங்கும் முன்பே 76 முத்தை எண்ணிக் கிண்ணத்தில் எடுத்து வைத்தால், போட்டு முடிக்கும்போது கிண்ணம் காலியாக வேண்டும். ஒன்று மிஞ்சினாலும் குறைந்தாலும் தப்பு அந்தச் சுற்றிலேயே தெரிந்துவிடும். முத்து எண்ணித் தருவது ஆச்சி வேலையாயிற்று. பங்குனியில் புளி உடைத்தபோது எடுத்துக் கழுவிக் காயவைத்த முத்து, பழைய அப்பள டப்பா நிறைய இருந்தது. "ஏட்டி, சிந்தாம போடு. இருட்டுல தேட முடியாது" என்பதைத் தவிர அவள் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் ஒரு தடவைகூட எண்ணிக்கை தவறவில்லை.

இரண்டாம் தடவை முக்கால் மணி நேரத்தில் முடித்தோம். வந்த எண்கள், ஒத்துப் பார்க்க விரும்புகிறவர்களுக்காக: 4, 14, 194, 4870, 3953, 5970, 1857, 36, 1294, 3470, 128. பத்தாம் சுற்று முடிவில் பலகையில் ஒரே ஒரு முத்து. 7-ஆம் குழியில், தனியாக. முந்தைய சுற்றில் ஏழு முத்து இருந்து, 49-உம் 12-உம் போட்டு, ஜோடி சேர்த்துக்கொண்டே வந்தபோது ஒவ்வொரு குழியாகக் காலியாகிக்கொண்டே போனது. நாங்கள் இரண்டு பேரும் பேசவில்லை. கடைசியில் அந்த ஒன்று மட்டும் நின்றது.

அதற்கு மேல் எண்ண என்ன இருக்கிறது? 7-உம் 7-உம் 14, அதாவது 1-ஆம் குழி. எல்லாச் சுற்றிலும் நாங்கள் விட்டுவிட்டுப் போன அதே 1-ஆம் குழி. மற்ற பன்னிரண்டிலும் ஒவ்வொன்று போட்டதும் பலகை நிறைந்துவிட்டது. பதின்மூன்று குழியிலும் ஒவ்வொரு முத்து. ஜோடி எங்கும் இல்லை. அது 8191, அதாவது பூஜ்யம்.

"என்னல ஆட்டம் இது? ஜெயிச்சது யாரு?" என்று ஆச்சி கேட்டாள். "எட்டாயிரத்து நூத்தித் தொண்ணூத்தொண்ணு" என்றாள் பேத்தி. மொத்தம் 393 முத்து போட்டிருக்கிறோம்.

ஏன் பூஜ்யம் வந்தால் பகா எண்? அவளுக்குச் சொன்ன அளவில் இங்கேயும் சொல்கிறேன். 2 + √3, 2 − √3 என்ற இரண்டையும் எடுத்துக்கொள்ளுங்கள். கூட்டினால் 4, பெருக்கினால் 1. பெருக்கல் 1 என்பதால், இரண்டையும் தனித்தனியே வர்க்கமாக்கிக் கூட்டுவதும், கூட்டுத்தொகையை வர்க்கமாக்கி 2-ஐக் கழிப்பதும் ஒன்றுதான். ஆகவே நம் சுற்றுகள் எல்லாம் 2 + √3-ஐத் திரும்பத் திரும்ப வர்க்கமாக்குவதே. கடைசியில் பூஜ்யம் வந்தால், அந்த எண் தன்னையே பெருக்கிக்கொண்டு போய் 1-க்குத் திரும்பச் சரியாக 8192 அடி தேவை என்று ஆகிறது. இப்போது 8191-க்கு q என்ற சிறிய பகாக் காரணி ஒன்று இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். சிறிய காரணி என்பதால் q-வின் வர்க்கம் 8191-ஐத் தாண்டாது. q-ஆல் வகுத்த மீதிகளையும் √3-ஐயும் கொண்டு கட்டும் எண்கள், பூஜ்யத்தை விட்டால், q² − 1 தான். 8190-க்கு மேல் இல்லாத வீடுகளில் 8192 பேர் ஆளுக்கொரு வீடாகக் குடியிருக்க முடியாது. ஆகவே அப்படி ஒரு காரணி கிடையாது.

பகு எண்ணுக்கு என்ன ஆகிறது என்று பார்க்காமல் விட்டால் சோதனையை நம்ப மனசு வராது. இரண்டு எலுமிச்சம்பழத்தை 11, 12-ஆம் குழிகளின் மேல் வைத்து அடைத்து, 11 குழியாக்கி, 2047-ஐ ஓட்டினோம். ஒன்பது சுற்று முடிவில் வந்தது 1736. பலகையில் ஐந்து முத்து சிதறிக் கிடந்தது. நிறையவில்லை. 2047 = 23 × 89. ஆனால் அந்தக் காரணிகளைப் பலகை காட்டவே இல்லை. இல்லை என்று மட்டும் சொல்லும், யார் வகுக்கிறார்கள் என்று சொல்லாது. 2-இன் 67-ஆம் அடுக்கில் ஒன்று குறைந்த எண்ணுக்கும் இதுதான் நடந்தது. அது பகு எண் என்று லூக்கா 1876-லேயே காட்டிவிட்டார். 193707721 × 761838257287 என்று காரணிகளைப் பிரித்துக் காட்ட 1903-ல் ஃபிராங்க் நெல்சன் கோல் வர வேண்டியிருந்தது.

23 என்றதும் ஒருவரைச் சொல்லாமல் இருக்க முடியாது. சிவசங்கரநாராயண பிள்ளை, 1901-ல் குற்றாலத்துக்குப் பக்கத்து வல்லத்தில் பிறந்தவர். அப்போது அது திருநெல்வேலிச் சீமை, இப்போது தென்காசி மாவட்டம். எண் கோட்பாட்டில் உலகம் எடுத்துச் சொல்லும் பெயர். அவர் பெயரால் பிள்ளை பகா எண்கள் என்று ஒரு வகையே இருக்கிறது, அதில் முதல் எண் 23. 1 முதல் 14 வரை பெருக்கி ஒன்று கூட்டினால் 23-ஆல் மீதியின்றி வகுபடும், ஆனால் 23-இல் ஒன்று குறைந்த 22, 14-இன் மடங்கு அல்ல. இப்படி 1-இலிருந்து தொடங்கும் ஒரு தொடர் பெருக்கம் கிடைக்கும் பகா எண்தான் பிள்ளை பகா எண். 1950 ஆகஸ்ட் 31-ல், அமெரிக்காவில் நடந்த உலகக் கணித மாநாட்டுக்குப் போகும் வழியில், கெய்ரோவுக்கு அருகே விமான விபத்தில் இறந்துபோனார். வயது 49. அருவியில் குளிக்க வருஷா வருஷம் அந்த வழியாகத்தான் போகிறோம். அக்கா மகளுக்கு இந்தப் பெயர் தெரிந்திருக்கவில்லை. அவள் வயதில் எனக்கும் யாரும் சொன்னதில்லை. இது எனக்கு நிஜமாகவே வருத்தம்.

8191-க்கு இன்னொரு குணமும் உண்டு. 1 + 90 + 8100 = 8191. அதாவது குழிக்குக் குழி இரட்டிக்காமல் 90 மடங்காகப் பெருகும் பலகை இருந்தால், மூன்று குழியில் மூன்று முத்து போதும். இப்படி இரண்டு வகைப் பலகையிலும் (மூன்று குழிக்குக் குறையாமல்) எல்லாக் குழியிலும் ஒன்றாக நிற்கிற எண்கள் இதுவரை தெரிந்தவை இரண்டே: 31-உம் 8191-உம்.

அவள் கேட்ட ஒரு கேள்வி: "7 குழிக்கு 127 பகா எண். 127 குழி போட்டாலும் பகா எண்ணா மாமா?" ஆமாம், லூக்கா 1876-ல் நிறுவியது அதைத்தான். 170141183460469231731687303715884105727, 39 இலக்கம். "அப்ப 13-க்கு 8191 பகா எண். 8191 குழி போட்டா?" கேட்க வேண்டிய கேள்விதான், கணக்கர்களும் கேட்டார்கள். 1953-ல் வீலர் கணினியில் ஓட்டிப் பார்த்தார்; பகு எண். பின்னால் அதற்குக் கிடைத்த காரணி 338193759479. அதில் ஒன்றைக் கழித்து 8191-ஆல் வகுக்கச் சொன்னேன். மீதியில்லாமல் 41288458 வந்தது. குழி எண்ணிக்கை பகா எண்ணாக இருந்தால், இந்தச் சாதி எண்களின் காரணி எப்போதும் குழி எண்ணிக்கையின் மடங்கோடு ஒன்று கூட்டியதாகத்தான் இருக்கும். 2047-இலும் பாருங்கள்: 23 என்பது 22 + 1, 89 என்பது 88 + 1.

அடுத்த ஞாயிறு தார்சாவில் சாக்பீஸால் வட்டமாக 19 கட்டம் போட்டோம். 5,24,287. இத்தாலியின் கட்டால்டி 1588-ல் இதைப் பகா எண் என்று கண்டது வகுத்து வகுத்துத்தான். வர்க்கமூலம் 724, அதற்குள் உள்ள பகா எண்கள் 128. அத்தனையாலும் வகுத்துப் பார்க்க வேண்டும். நமக்கு 17 சுற்று. பதினாறாம் சுற்று முடிவில் 10-ஆம் கட்டம் மட்டும் காலி, மற்ற 18-லும் ஒவ்வொரு முத்து. ஏழு குழியில் பார்த்த அதே காட்சி. 13-இல் ஒரே முத்து, 7-லும் 19-லும் ஒரே காலி. 18 முத்துக்கு 324 போட வேண்டுமே என்று டப்பாவை எடுத்தேன். அவள் தடுத்தாள். "காலியா இருக்கிறதை முத்துன்னு வச்சுக்கிட்டா? மைனஸ் ஒண்ணுதானே. வர்க்கம் எடுத்தா மைனஸ் போயிரும்."

சரிதான். எல்லாக் கட்டமும் நிறைந்தால் பூஜ்யம். ஆகவே 10-ஆம் கட்டம் மட்டும் காலி என்றால் அந்த ஒரு முத்தின் எதிர்மறை. வர்க்கம் ஒன்றுதான். 10-உம் 10-உம் 20, 19 போக 1. முடிந்தது. இது முதலிலேயே தெரிந்திருந்தால் பாதிக்கு மேல் நிறைந்த ஒவ்வொரு சுற்றிலும் காலிக் குழிகளை எடுத்துக்கொண்டு எவ்வளவோ முத்து மிச்சப்படுத்தியிருக்கலாம். 13 குழியில் 3953-க்கு 8 முத்து, 64 போட்டோம். காலி 5 தான், 25 போதும். இந்தச் சோதனையில் பகா எண் என்றால் கடைசிக்கு முந்தைய சுற்று எப்போதும் ஒற்றை முத்தாகவோ ஒற்றைக் காலியாகவோதான் முடியும், அதுவும் குழி எண்ணிக்கையோடு ஒன்று கூட்டிப் பாதியாக்கிய எண்ணுள்ள குழியில். 13-க்கு 7, 19-க்கு 10.

127-ஐ முத்தில் செய்ய முடியுமா என்று கணக்குப் போட்டேன். காலிக் குழி உபாயத்தோடும் சுற்றுக்குச் சராசரி 60 முத்து. 3600-உம் கழித்தலுக்கு 126-உம், 125 சுற்று. நாலரை லட்சத்துக்கு மேல். கடைக் கம்ப்யூட்டருக்குப் போனேன். பைத்தான் நிரல்மொழியில் பத்து வரி. பலகையில் செய்ததையேதான் எழுதினேன்: வர்க்கம் எடுத்து, 2 கழித்து, கீழ்ப்பாதி 127 பிட்டையும் (குழிக்கு ஒரு பிட்) மேல்பாதியையும் பிரித்துக் கூட்டு. வகுத்தல் குறியே கிடையாது. ஓட்டினால் 127 மட்டுமல்ல, 13-ஐயும் பகா எண் இல்லை என்றது. அரை மணி நேரம் வரி வரியாகப் பார்த்தேன். அவளைக் கூப்பிட்டுக் கடைசி மதிப்பை மட்டும் அச்சிட்டுக் காட்டினேன். 8191. "பலகை நிறைஞ்சிருக்கு மாமா, அது பூஜ்யம்லா" என்றாள். 128-இன் வர்க்கத்தில் 2 குறைந்தால் 16382. கீழ்ப்பாதி 8190, மேல்பாதி 1, கூட்டினால் 8191. இப்படி மடித்துக் கூட்டினால் இந்த இடத்தில் பூஜ்யம் வரவே வராது, நிறைந்த பலகைதான் வரும். நிறைந்திருந்தால் பூஜ்யம் என்று ஒரு வரி சேர்த்ததும் சரியானது.

3 முதல் 127 வரை ஓட்டியதில் வந்தவை: 3, 5, 7, 13, 17, 19, 31, 61, 89, 107, 127. மெர்சென் 1644-ல் வெளியிட்ட பட்டியலில் 61, 89, 107 மூன்றும் விட்டுப்போயிருந்தன. 67-உம் 257-உம் தப்பாகச் சேர்ந்திருந்தன. பிறகு 11213 வரை போனோம். 1963-ல் அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் கண்டது. அங்கே கணிதத் துறைத் தபால்களின் முத்திரையிலேயே இது பகா எண் என்று பொறித்து ஊருக்கெல்லாம் அனுப்பினார்கள்.

கம்ப்யூட்டரில் வந்த பிறகும் அவளுக்கு முத்தில்தான் ஆசை. மொட்டைமாடியில் 31 கட்டம் போட்டோம். 2147483647. 1772-ல் ஆய்லர் இதை முடித்தது வேறொரு கெட்டிக்காரத்தனத்தில்: காரணி இருந்தால் அதை 248-ஆல் வகுத்த மீதி 1 அல்லது 63 ஆகத்தான் இருக்க வேண்டும். வர்க்கமூலமான 46,340-க்குள் அப்படிப்பட்ட எண்கள் 373 தான், அவற்றிலும் பகா எண்களை மட்டும் பார்த்தால் போதும். நமக்கு 29 சுற்று. ஐந்து சுற்று முடிந்தபோது பொதிகைப் பக்கம் கறுத்து, கோடை மழை பிடித்துக்கொண்டது. கட்டம் அழிவதற்குள் வரிசையை நோட்டில் எழுதிவிட்டாள். ஐந்தாம் சுற்று முடிவு 669670838. முத்து உள்ள கட்டம் 19, காலி 12. ஆறாம் சுற்றுக்குக் காலியைத்தான் எடுக்க வேண்டும்: 12×12 = 144, கழித்தலுக்கு 30, ஆக 174. ஆச்சி 174 முத்தை எண்ணித் தனி டப்பாவில் போட்டு, மூடியில் எண்ணை எழுதச் சொல்லி, மச்சில் பலகைக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறாள். அக்கா மகள் காலாண்டு லீவுக்கு வருகிறாள்.